சுடாத கால்

தீக்குழிக்குப் பக்கத்தில் நின்றால் முதலில் முகத்தில்தான் சூடு அடிக்கும். ஆடி மாதம், பொழுது சாயும் நேரம். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், வேர்வை எல்லாம் கலந்த ஒரு வாடை. காப்புக் கட்டியவர்கள் வரிசையாக வந்து, குழியின் விளிம்பில் ஒரு நொடி நின்று, "தாயே" என்று கத்திவிட்டு ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். அந்தப் பக்கம் பால் ஊற்றிய சின்னக் குழி ஒன்று இருக்கும். அதில் காலை வைத்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும்.

அன்றைக்கு ஒருவர் மட்டும் ஓடவில்லை. நடந்தார். ரேஷன் கடை வரிசையில் நகர்கிறவரைப் போல நிதானமாக நடந்தார். பாதி வழியில் நின்று, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டார். பம்பைக்காரர் அடிப்பதையே மறந்துவிட்டார்.

நடந்தவர் என் வீட்டுக்காரர்.

இந்த வாரப் பத்தியில் அவருடைய காலைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். போன வாரம் அவர் வைத்த மீன் குழம்பைப் பற்றி எழுதியதற்கே இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எழுதிக்கோ, பேரை மட்டும் போடாத" என்றார். அவர் பெயர் ஏகாம்பரம்.

காலனிக்கு ஒரு நெருப்பு

அவருக்குச் சொந்த ஊர் படாளத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. காலனியைத் தாண்டி இருக்கும் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. அங்கேயும் தீமிதி நடக்கும். காலனிக்காரர்கள் அதற்கு விறகு பிளந்து போடலாம், மிதிக்கக் கூடாது. எங்கள் கை பிளந்த விறகு அம்மனுக்கு ஆகும், எங்கள் கால் ஆகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காலனி ஆட்கள் கூடிப் பேசி, எங்கள் கங்கையம்மன் கோயில் முன்னால் தாங்களே ஒரு குழி வெட்டிக்கொண்டார்கள். முன்னின்று வெட்டியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் முனிரத்தினம் மாமா. அவர்தான் அன்றிலிருந்து கோயில் தர்மகர்த்தா. தேர்தல் எல்லாம் கிடையாது. மைக் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் காலனியில் தீ மிதிப்பது வெறும் வேண்டுதல் இல்லை. அது ஒரு பதில். யாருக்குக் கொப்புளம் வருகிறது, யாருக்கு வரவில்லை என்பது வருடம் முழுக்கப் பேசப்படும். கொப்புளம் வந்தவன் விரதத்தில் கருவாடு தின்றிருப்பான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் சுட்டவன்கூட வெளியே சொல்லமாட்டான். "சுட்டுதா?" என்று கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு "சில்லுனு கீது" என்பான்.

ஷூ போட்ட மகன்

என் மாமனார் ஊர்த் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொள்வாராம். தெரு முடிந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வாராம். செருப்பு வாங்கினதே அக்குளில் வைக்கத்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். இதெல்லாம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால்.

அவருடைய சின்ன மகனான என் வீட்டுக்காரர் கல்பாக்கத்தில் அணுமின் ஆலையில் டெக்னீஷியன் ஆனார். காலனியிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள். ஆலையில் முதல் முதலாகக் கொடுத்த கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் நேரே வந்தது வீட்டுக்கு இல்லை, அந்தத் தெருவுக்கு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பவும் நடந்தார். மண் ரோட்டில் டக்கு டக்கென்று சத்தம் வரவில்லையே என்று மட்டும் அவருக்குக் குறை.

அதற்குப் பிறகு அவரை ஷூ இல்லாமல் பார்த்தவர்கள் நானும் அம்மனும்தான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் ஷூ. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குவார். நான் அவரை எல்லாவற்றுக்கும் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஷூவுக்காக மட்டும் செய்ததில்லை.

ஒரு ஷார்ப்னர் ஆலைக்குப் போய் வந்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றே டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். பொங்கலை நிறுத்தவில்லை. அது வெல்லமாம்.

ஒருநாள் காலை எங்கள் பெண் பென்சில் சீவும் ஷார்ப்னரைக் காணவில்லை என்று அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். நான் செங்கல்பட்டில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தேன். பஸ் போய்விடும் அவசரத்தில், பொறுப்பில்லாத பெண் என்று அவளைத் திட்டிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த இவர் ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஷார்ப்னர் விழுந்தது. பிளேடு வைத்த இரும்பு ஷார்ப்னர். காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே ஆலை முழுக்க நடந்திருக்கிறார்.

"தெரியவே இல்லியா?" என்று கேட்டேன்.

"ஷூ அந்த மாதிரி ஷூ. உள்ள பஞ்சு மேல நடக்கற மாதிரி கீது" என்றார் பெருமையாக.

பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருப்பது ஷூவால் இல்லை, காலில் நரம்பு செத்துக்கொண்டிருப்பதால் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இருந்தாலும் அந்தக் காலை ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஆலையிலிருந்து வெளியே வரும் வழியில் ஒரு மெஷின் உண்டாம். இரண்டு கையையும் அதன் பொந்துகளில் விட்டு, இரண்டு காலையும் தட்டின் மேல் வைத்து நிற்க வேண்டும். கதிர்வீச்சுள்ள தூசி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அது பார்க்கும். இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், வீட்டுக்குப் போகலாம்.

"டெய்லி மெஷினே என் காலைப் பாத்து ஓகே சொல்லுது. உங்க டாக்டரு இன்னா புதுசா சொல்லப்போறாரு?"

"அது உங்க காலைப் பாக்கல, ஷூவுல ஒட்டுன தூசியைப் பாக்குது."

"உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது செல்வி."

நாட்டிலேயே தன் காலுக்குத் தினமும் மின்சாரத்தில் சான்று வாங்கியவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அம்மன் இறங்கிய கால்

இப்போது தீக்குழிக்குத் திரும்பலாம். அவர் நிதானமாக நடந்து வெளியே வந்ததும் முனிரத்தினம் மாமா மைக்கைப் பிடித்தார். "என் தம்பி ஏகாம்பரம் கால்ல அம்மா எறங்கிட்டா. பாத்துக்கோங்க, ஒரு கொப்புளம் இல்ல" என்றார். யாரும் அந்தக் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. மேல்பக்கம் கொப்புளம் இல்லை, அது உண்மைதான்.

பெண்கள் வந்து அந்தக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். அவருடைய அப்பா செருப்பை அக்குளில் வைத்து நடந்த ஊரிலிருந்தும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷம் அவரிடம் போய்ப் பாதத்தைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கும்பிடு அவருக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் அதே காலை அதே இறுக்கமான ஷூவுக்குள் நுழைத்து வேலைக்குப் போனார். மெஷின் பச்சை விளக்கு காட்டியது.

ஒரு வாரம் கழித்து, வாசலில் எறும்புச் சாரை ஒன்று போவதைப் பார்த்தேன். எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். அவருடைய வலது ஷூவுக்குள் போனது. காலுறையை எடுத்துப் பார்த்தால் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்ததும் அவரைக் கூப்பிட்டேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் வெந்து, உரிந்து, பள்ளமாகியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லியே."

"இவ்ளோ பெரிய புண்ணு, வலிக்கலியா?"

"வலிக்கலன்னா ஆறிகினு வருதுன்னு அர்த்தம்."

உள்ளங்கால் வைத்தியத்துக்கு அன்று முதல் கூட்டம் சேர்ந்தது. முனிரத்தினம் மாமா கோயில் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் கொடுத்தனுப்பினார். "டாக்டருகிட்ட போனா அம்மாளை நம்பலன்னு ஆயிடும், எம்மா செல்வி, நீ அவசரப்படாத" என்று போனில் சொன்னார். நாங்கள் குடியிருந்த ஆலை டவுன்ஷிப்பில், பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு. அவர் கடல் தண்ணீரைச் சிபாரிசு செய்தார். உப்பும் அயோடினும் சேர்ந்து புண்ணைச் சுத்தமாக்கிவிடுமாம். அவருக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கு ஒரு வெட்டுக்காயம் என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

மாமல்லபுரத்து வைத்தியம்

கல்பாக்கத்திலேயே வேண்டிய அளவு கடல் இருக்கிறது. இவருக்கு மாமல்லபுரத்துக் கடல்தான் வேண்டும். அலை நல்லா கீது என்றார். அலைக்குப் பக்கத்தில் வறுத்த மீனும் நல்லா கீது என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இவர் தண்ணீரில் இறங்கி நின்றார். கொஞ்சம் தள்ளி வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். "பாத்தியா, அத்தினி டப்பு வெச்சிகினு செருப்பில்லாம நடக்கறான். அவன் இன்னா முட்டாளா?" என்றார். அவருடைய அப்பா செருப்பில்லாமல் நடந்தது வேறு, வெள்ளைக்காரன் நடப்பது வேறு. உடைந்த கிளிஞ்சல் மேல் நடந்து நடந்து என் உள்ளங்காலெல்லாம் எரிந்தது. அவர் மணலில் ஜம்மென்று உலாவினார்.

திரும்பும்போது ஷூவுக்குள் மணல் போய்விடும் என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். படியில் அவருடைய ஈரக் கால் தடம். இடது கால் தடம் தண்ணீர். வலது கால் தடம் சிவப்பு.

சீட்டில் உட்கார்ந்து அவர் எங்கள் பெண்ணுக்குச் சுண்டல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் கால் ஒழுகுவது அவருக்குத் தெரியவில்லை. கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஷார்ப்னர் ஞாபகம் வந்தது, தீக்குழி ஞாபகம் வந்தது. அம்மன் இறங்கவில்லை, இந்தக் காலை விட்டு ஏதோ ஒன்று இறங்கிப் போயிருக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கு நான் பயந்தேன். வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

பக்கத்து சீட்

காலுக்கென்றே ஒரு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் செங்கல்பட்டுப் பெண். ஊருக்கு வெளியே தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. உணர்ச்சி செத்த கால்களை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். சர்க்கரைக்காரர்களும் அவரிடம் போக ஆரம்பித்திருந்தார்கள், முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு.

"அந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "நான் வரல."

அவர் பயந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கறுப்பு ரப்பர் செருப்பு ஒன்று கொடுப்பார்கள். மெத்தென்று இருக்கும், குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கும். செங்கல்பட்டில் அந்தச் செருப்பைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். சின்ன வயதில் நானே எழுந்து நின்றிருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்தது அதுதான்.

"நம்ம பக்கத்துல ஒருத்தன் வந்து உக்கார எத்தினி வருசம் ஆச்சி, உனக்குத் தெரியாதா?" என்றார். "இப்ப மறுபடியும் எழுந்து போவணுமா அவனுங்க?"

"காலு இல்லன்னா நீங்க பஸ்ஸே ஏற முடியாது. அப்புறம் யாரு பக்கத்துல உக்காந்தா இன்னா" என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் நான் லீவு போட்டேன். அவரும் கூடவே கிளம்பினார்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நின்றுகொண்டே பேசுகிற ஆள். காலைக் கழுவவைத்து, பெஞ்சில் நீட்டச் சொன்னார்.

"கண்ணை மூடிக்குங்க. ஒரு நைலான் நரம்பால பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க."

இவர் கண்ணை மூடினார். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் குதிகால், உள்ளங்கால், ஒவ்வொரு விரலாக, நரம்பு வளையும் அளவுக்கு அழுத்தினார். இரண்டு காலிலும் செய்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் சொன்னார்: "ஆரம்பிக்கலாம் சார், நான் ரெடி."

"முடிச்சிட்டேன்" என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் பொய் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினேன்.

"வலிக்கிற கால்காரங்க தானா வந்துடுவாங்க. அவங்களைப் பத்தி எனக்குக் கவலையில்லை" என்றார் டாக்டர். "வலிக்கல, சுடல, குத்தல, எறும்பு கடிச்சாலும் தெரியலன்னா அன்னிக்கே ஓடி வரணும். சர்க்கரை இருந்தா, காலு நல்லா இருக்கும்போதே வந்து காட்டணும். நீங்க புண்ணு எலும்புக்குப் போன பிறகு வந்திருக்கீங்க. விரலோட நிக்குமா, கணுக்காலு வரைக்கும் போகுமான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

விரலோடு நின்றது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் கங்கையம்மனையும் கும்பிட்டேன், பக்கத்துச் சுவரில் இருந்த மாதாவையும் கும்பிட்டேன். யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள்.

கருவாடு

கால் பிழைத்தது. பெயர் பிழைக்கவில்லை. அம்மன் இறங்கிய காலில் இரண்டு விரல் எப்படிப் போகும் என்று காலனிக்கு ஒரு சங்கடம். அதைத் தீர்த்துவைத்தவர் முனிரத்தினம் மாமா. "காப்புக் கட்டிகினு கல்பாக்கத்துல கருவாடு துன்னுருப்பான். டவுன்ஷிப்பு ஆளுங்களுக்கு ஏது விரதம்" என்று டீக்கடையில் சொன்னாராம். சொந்தத் தம்பியைப் பற்றி.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு அழுதார். விரல் போனதற்கு அவர் அழவில்லை. விரதத்தின்போது அவர் பட்டினி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மாமா மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

அந்த வருடமெல்லாம் அவர் கறுப்பு ரப்பர் செருப்போடுதான் நடந்தார். ஷூக்கள் பெட்டிக்குள் போயின. ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆடியில், தான் வரவில்லை என்று சொல்லுவார் என நினைத்தேன். அவர் சதுரங்கப்பட்டினம் போய், மீன்காரர்களிடமிருந்து தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு கொஞ்சம் வாங்கி வந்தார். அதைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

தீமிதி முடிந்தது. முனிரத்தினம் மாமா அந்த வருடம் தம்பியைப் போலவே நிதானமாக நடந்து காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கோயில் வாசலில் செருப்போடு நிற்கக் கூடாது என்பதால் இவர் மைக்செட் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மைக்கை எடுத்தார்.

"மிதிச்சவங்கள்ல யாருக்குக் கொஞ்சம்கூட சுடல? அவங்க மட்டும் இப்படி வாங்க."

பரிவட்டம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். முண்டியடித்து வந்தார்கள். விளிம்பைத் தாண்டும்போதே "அய்யோ" என்றவர்கள்கூட வந்தார்கள். முதலில் வந்தவர் மாமா.

இவர் பெஞ்சைக் காட்டினார். "அண்ணாத்த, குந்து. காலை நீட்டு. கண்ணை மூடிக்கோ. நரம்பு பட்டா படுதுன்னு சொல்லணும்."

"இன்னாடா வெளாட்டு இது?" என்றாலும் ஊர் பார்க்கிறதே என்று மாமா கண்ணை மூடினார். சாம்பல் படிந்த அந்தப் பாதத்தை இவர் தன் மடியில் எடுத்து வைத்துத் துண்டால் துடைத்தார். பிறகு, டாக்டர் செய்தபடியே ஆரம்பித்தார். குதிகால். உள்ளங்கால். பெருவிரல். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு நெருங்கி வந்து பார்த்தது. பொய்யாக வந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். அவர்களுக்குக் கால் நன்றாக இருந்தது.

"சீக்கிரம் ஆரம்பிடா" என்றார் மாமா, கண்ணை மூடியபடியே. "எம்மா நேரம் இப்படிக் குந்திகினு இருக்கறது?"

"முடிஞ்சிடுச்சி அண்ணாத்த."

மாமா உடனே கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரிக்குப் போக ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். நான் பெண்கள் பக்கம் இடம் பிடித்தேன், எதிரே மூன்று பேர் சீட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மூன்றாவது இடத்தில் உட்காரக் குனிந்தார், என் வீட்டுக்காரரின் செருப்பைப் பார்த்தார், நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா அந்த ஆளையும் பார்த்தார், செருப்பையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார்.

பிறகு காலியான இடத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வுடுறா ஏகா. செங்கல்பட்டு வரைக்கும் காலை நீட்டிகினு போலாம்."